வேலூர் டாக்டரம்மாவின் முதல் நர்சு

திண்டிவனத்தில் ஒரு நள்ளிரவு. பாதிரியார் பங்களாவின் கதவை யாரோ தட்டினார்கள். உள்ளே விழித்திருந்த அமெரிக்கப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தார். வாசலில் ஓர் இளம் பிராமணர் நின்றார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். உடனே வந்து பார்க்கவேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஐடா ஸ்கடர். வயது இருபதை ஒட்டி இருக்கும். அவருக்கு வைத்தியம் தெரியாது. அவருடைய தகப்பனார் ஜான் ஸ்கடர்தான் டாக்டர். தகப்பனாரை அழைத்து வருவதாகவும், துணைக்குத் தானும் வருவதாகவும் ஐடா சொன்னார். வந்தவர் ஒப்பவில்லை. அந்நிய ஆண்பிள்ளை தம் மனைவியைப் பார்க்கக்கூடாது. அது அவர்கள் வழக்கம் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேதனை. அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் திரும்பிப் போனார்.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையும் தெரிந்திருக்கும். அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டர் ஆக்கியது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கதையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். அவளை யாரும் கவனிப்பதில்லை. அவள்தான் கையை விரித்த மருத்துவச்சி.

அந்த மூன்று வீடுகளிலும் ஒரு கைக்காரி இருந்திருப்பாள். ஊரில் பாதிப் பேரை அவள்தான் எடுத்துப் போட்டிருப்பாள். நல்ல பிரசவம் எல்லாம் அவள் கையில் நன்றாகவே நடக்கும். குழந்தை குறுக்கே கிடந்தால்தான் வந்தது ஆபத்து. அப்போது என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த நேரத்தில் ஆள் அனுப்பவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அனுப்பினாலும் வர ஒரு பெண் டாக்டர் இல்லை.

ஆக, குறை இரண்டு. பெண் டாக்டர் இல்லை என்பது ஒன்று. நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவளுக்குப் படிப்பு இல்லை என்பது இன்னொன்று. ஐடாவின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு குறைகளோடும் மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது.

தாது வருஷத்துக் குழந்தை

ஐடா பிறந்தது ராணிப்பேட்டையில். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி. ஸ்கடர் குடும்பம் வைத்தியக் குடும்பம். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்தவர். பின்பு சென்னைக்கு வந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள்.

ஐடாவுக்கு ஆறேழு வயதானபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. பங்களா வாசலில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் கிடந்தன. அவற்றுக்கு ரொட்டி கொடுக்கும் வேலை ஐடாவுக்கு. சில குழந்தைகளுக்குக் கையை நீட்டவும் பலம் இல்லை. ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கவேண்டும். அந்தக் காட்சி சின்னப் பெண்ணின் மனத்தில் பயமாகத் தங்கிவிட்டது. பிறகு அமெரிக்காவுக்குப் போன ஐடா, இந்தியாவுக்குத் திரும்புவதில்லை என்றே முடிவு செய்திருந்தார்.

அவரை 1890இல் திரும்ப வரவழைத்தது தாயாரின் நோய். திண்டிவனத்தில் படுத்திருந்த தாயாருக்குப் பணிவிடை செய்யத்தான் ஐடா வந்தார். வேளைக்கு மருந்து கொடுத்தார். உடம்பு துடைத்தார். கஞ்சி காய்ச்சினார். ராத்திரி கண் விழித்தார். சான்றிதழ் இல்லாத ஒரு நர்சின் வேலை அது. டாக்டராவதற்கு முன்னால் ஐடா செய்த வைத்தியத் தொழில் இதுதான்.

மூன்று சாவுகளுக்குப் பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போய் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி. 1899இல் பட்டம் வாங்கினார்.

அவர் படித்த அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொரு சங்கதியும் நடந்துகொண்டிருந்தது. 1892இல் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கத்தார் ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். மூன்றே மாதப் படிப்பு. வயதானவர்கள், குழந்தைகள், நெடுநாள் நோயாளிகள் ஆகியோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கான படிப்பு அது. அவர்களுக்குச் செய்முறை நர்சு என்று பெயர். ஆஸ்பத்திரியில் வருஷக் கணக்கில் படித்த நர்சுகள் இவர்களைத் தங்கள் இனத்தில் சேர்க்கத் தயங்கினார்கள். இவர்களுக்கு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் லைசென்ஸ் கிடைக்க 1955 வரை பிடித்தது. அறுபது வருஷத்துக்கு மேல்!

ஒரே கட்டில்

1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்தார். கையில் டாக்டர் பட்டம். கூடவே ஒரு நன்கொடை. நியூயார்க்கில் ஷெல் என்ற பாங்கிக்காரர், இறந்துபோன தம் மனைவியின் ஞாபகமாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி கட்டப் பணம் இருந்தது. ஆனால் கட்டி முடியும்வரை நோய் காத்திருக்குமா? பங்களாவில் ஒரு சின்ன அறையைக் காலி செய்து, ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார்.

வேலை கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த தகப்பனார் அந்த வருஷமே இறந்துபோனார். ஐடா தனியாக நின்றார். அப்போது பக்கத்தில் நின்றவர் சலோமி என்ற பெண். நர்சுப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஐடா சொல்லச் சொல்ல, செய்யச் செய்யக் கற்றுக்கொண்டவர். ஒரு கட்டில் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர், ஒரு நர்சு. சலோமியை நர்சு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேறு என்ன பெயர் சொல்வது?

இரண்டு வருஷத்தில் அந்தச் சின்ன அறையில் ஏறக்குறைய 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. வெள்ளைக்கார அம்மாளிடம் வரப் பயந்த பெண்களும் பிறகு வந்தார்கள். புது டாக்டரிடம் வாய் திறக்காதவர்கள் நம்மவளான ஒருத்தி பக்கத்தில் இருந்தால் பேசுவார்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, வீட்டில் என்ன மருந்து போட்டார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வரும். எந்த ஆஸ்பத்திரியிலும் பாதி நோய் இப்படி நர்சின் காதில்தான் முதலில் விழுகிறது.

1902இல் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கை. டாக்டர் ஒருவரே. சரி, 40 படுக்கைக்கு யார் காவல்?

டாக்டர் ஒரு மணி நேரம் ஆப்பரேஷன் செய்வார். மீதி இருபத்துமூன்று மணி நேரம் நர்சுடையது. ஜுரக்காரருக்கு உடம்பு துடைக்கவேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் போடவேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சீழ்க்கட்டை மாற்றவேண்டும். கத்தியையும் துணியையும் கொதிக்கவைக்கவேண்டும். மலச்சட்டி எடுக்கவேண்டும். நடுராத்திரியில் நாடி எகிறினால் அதைக் கண்டுபிடித்து டாக்டரை எழுப்பவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் டாக்டர் செய்த ஆப்பரேஷன் வீண்.

இந்த வேலைக்கு அப்போது பெண்கள் வரவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலமும் ரத்தமும் தொடுவது தீட்டு. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது மானக்கேடு. ராத்திரி வேலை செய்யும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையாது. விதவைகளும், புருஷன் கைவிட்டவர்களும், கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களுமே முதலில் துணிந்தார்கள். இந்த நாட்டில் நர்சுத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் வேறு போக்கிடம் இல்லாத பெண்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871லேயே நர்சுப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. வேலூரில் ஐடா 1909இல் நர்சுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். டாக்டர் பள்ளிக்கூடம் அதற்கு ஒன்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் நர்சு, பிறகே டாக்டர்.

அதே 1909ஆம் ஆண்டு வாக்கில் அவருக்கு ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் வண்டி வந்தது. கிராமத்து ஜனங்கள் அதைப் பேய் என்று எண்ணி ஓடினார்களாம். வண்டி போகும் வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஐடா பார்ப்பார், கூட வந்தவர்கள் புண் கழுவுவார்கள், கட்டுப் போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள். வாரா வாரம் இப்படி நடந்தது. டாக்டர் பார்ப்பது ஒரு நிமிஷம். கட்டுப் போடுவது கால் மணி நேரம். எனவே மரத்தடி ஆஸ்பத்திரியிலும் கூட்டத்தைச் சமாளித்தவர்கள் துணைக்கு வந்தவர்களே.

சின்னப் படிப்புக்கு வந்த சோதனை

1918இல் ஐடா பெண்களுக்கு டாக்டர் பள்ளிக்கூடம் தொடங்கினார். மூன்று பெண்களாவது சேருவார்களா என்று சர்க்காரின் பெரிய மருத்துவ அதிகாரி சந்தேகப்பட்டார். 17 பேர் சேர்ந்தார்கள். 1922இல் 14 பேர் பரீட்சை எழுதினார்கள். ஆண்கள் பலர் தவறிய அந்தப் பரீட்சையில் 14 பேரும் தேறினார்கள்.

இங்கே ஒரு விஷயம். அந்தப் பெண்கள் வாங்கியது எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல. எல்.எம்.பி. என்ற சிறிய சான்றிதழ். காலமும் செலவும் குறைவான படிப்பு. ஆனால் படித்தவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். 1946இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது இந்தியாவில் சுமார் 47,000 டாக்டர்கள் இருந்தார்கள். அதில் ஏறக்குறைய 30,000 பேர் இப்படிச் சிறிய சான்றிதழ் பெற்றவர்கள். நாட்டு வைத்தியத்தின் பெரும்பகுதி பாரத்தைத் தூக்கியவர்கள் என்றே சொல்லலாம்.

1937-38இல் சென்னை சர்க்கார் எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனி டாக்டர் என்றால் பட்டம் வேண்டும், பல்கலைக்கழகத்தோடு சேரவேண்டும் என்றார்கள். சர்க்கார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைக்கும் முழு டாக்டர் வேண்டும் அல்லவா? ஆனால் வேலூருக்கு அது இடி. பட்டக் கல்லூரிக்கு இன்னும் பல பேராசிரியர்கள், இன்னும் பல படுக்கைகள், மலைபோல் பணம் வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டியது மூடப்படும் நிலை.

ஐடாவுக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயது. அவர் 1941இல் கப்பல் ஏறினார். அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் கேட்டார். ஆண் மாணவர்களையும் சேர்ப்பதா என்ற கேள்வியில் பழைய சிநேகிதர்களே எதிர்த்து நின்றார்கள். பெண்களுக்காகக் கொடுத்த பணத்தில் ஆண்கள் படிப்பதா என்று கோபித்தார்கள். ஐடா விடவில்லை. 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி வந்தது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

நர்சுப் படிப்பும் உயர்ந்தது. 1946இல் வேலூரில் நர்சுகளுக்குப் பட்டப் படிப்பு வந்தது. இந்தியாவில் அந்தப் படிப்பை முதலில் தொடங்கிய இடங்கள் டெல்லியும் வேலூரும். சலோமி கட்டுப் போடக் கற்ற ஊரில், நாற்பத்தாறு வருஷத்தில் நர்சு பட்டம் படிக்கத் தொடங்கினார். ஐடா அந்த வருஷமே பொறுப்பிலிருந்து விலகினார்.

ஆனால் ஏணி உயர உயர, கீழ்ப் படி யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. போர் கமிட்டி கணக்கில் அப்போது நாட்டில் இருந்த நர்சுகள் 7,000 பேர். 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்சு! பட்டதாரி நர்சு எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொரு கிராமத்துக்கும் எப்படிப் போய்ச் சேருவார்? எனவே 1951இல் பஞ்சாபில் தரன் தாரன் என்ற ஊரில், செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் படிப்பு தொடங்கியது. துணை நர்சு-மருத்துவச்சி என்று பெயர். இரண்டு வருஷம். பிரசவம், தடுப்பூசி, சிறு வைத்தியம், வீடு வீடாகப் போவது ஆகியவை பாடம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1943இல் துணை நர்சுகளுக்கு ஒரு தனிப் பட்டியலைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். பிறகு, நர்சு என்றால் ஒரே தரம்தான் என்று சொல்லி அந்தப் பயிற்சியை நிறுத்தினார்கள். படுக்கைப் பக்கத்தில் நிற்க ஆள் போதவில்லை. 2019இல் நர்சிங் அசோசியேட் என்ற வேறு பெயரில் அதே போன்ற படியைத் திரும்பவும் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

மலை மேலே

ஓய்வு பெற்ற ஐடா கொடைக்கானல் வீட்டில் வாழ்ந்தார். கோடைக்காலங்களில் பல வருஷமாக அவர் வந்துபோன ஊர் அது. டென்னிஸ் ஆட்டத்தில் சூரர். அறுபது தாண்டிய பிறகு ஒரு பந்தயத்தில் ஓர் இளம் பெண், பாட்டியம்மாளோடு ஆடவேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தாளாம். பாட்டியம்மாள் அவளுக்கு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் தோற்கடித்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகவும் சொல்வார்கள். 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார்.

கொடைக்கானல் மலையிலிருந்து தென்மேற்கே மலைத்தொடர் அறுபடாமல் போகிறது. அதன் வழியே போனால் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலமலை. ஊருக்கு மேலே மலைப்பாதை வளைந்து வளைந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். நாளெல்லாம் ஈரத்தில் குனிந்து காய் பறிக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் இறங்குகிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன ஊர் போடி. அந்தக் காயைப் பறிக்கும் கைக்கு நோய் வந்தால் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, நர்சம்மாவைத்தான்.

ஜீப்பும் போகாத ஊர்கள் இந்தச் சரிவுகளில் உண்டு. அகமலைப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். ஒரு கம்பு, ஒரு கம்பளி, நாலு தோள். வழியிலேயே வலி கண்டுவிட்டால் என்ன ஆகும்? திண்டிவனத்தில் அன்று ராத்திரி ஆனதுதான் ஆகும். ஆகாமல் இருக்க ஒருவர் வேண்டும். யாருக்கு எந்த மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, யாரைப் பத்து நாள் முன்பாகவே கீழே கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்திருப்பவர் அவர். அன்றைய மருத்துவச்சிக்கு யாரும் சொல்லித் தராத பாடம் இதுதான்.

சர்க்கார் வகுத்த அளவுப்படி சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அதில் இருப்பவர் 1951 படிப்பின் வழியில் வந்தவர். ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீடு வீடாக நடக்கிறார். கர்ப்பிணியின் பெயரைப் பதிவு செய்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் கொடுக்கும் பேறுகாலப் பணத்துக்குக் காகிதம் தயாராவதும் அவர் கையில்தான். கொரோனாக் காலத்தில் தடுப்பூசியோடு ஊர் ஊராகப் போனவர்களிலும் அவர் உண்டு.

இவ்வளவும் செய்கிறவர் நர்சுகளின் கணக்கில் எங்கே இருக்கிறார்? நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் பட்டமும் டிப்ளமாவும் பெற்றவர்கள் ஒரு பக்கம். இவர் வேறு பக்கம். பிற்காலத்தில் ஒன்றரை வருஷமாகக் குறைந்திருந்த பயிற்சி இப்போது மறுபடியும் இரண்டு வருஷம். பத்தாம் வகுப்பு போதும் என்றிருந்தது பிளஸ் டூ ஆகிவிட்டது. பதவி உயர்ந்தால் பகுதி சுகாதார செவிலியர், பிறகு சமுதாய சுகாதார செவிலியர். ஆஸ்பத்திரி நர்சாக வேண்டும் என்றாலோ, இத்தனை வருஷ அனுபவமும் கணக்கில் வராது. வேறு படிப்பு முதலிலிருந்து படிக்கவேண்டும். கிராமத்தில் இருபது வருஷம் பிரசவம் பார்த்தவருக்கு இது மனக்குறையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. படித்த நர்சுகள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தீவிர நோயாளியைக் குறைந்த பயிற்சி பெற்றவரிடம் விட்டால், நஷ்டம் நோயாளிக்கு.

மத்திய சர்க்கார் காகிதங்களில் அவர் பெயர் இன்னும் துணை நர்சு-மருத்துவச்சி. தமிழ்நாட்டில் அவரைக் கிராம சுகாதார செவிலியர் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் துணை என்ற சொல் இல்லை. ஏலமலைச் சரிவில் இந்த இரண்டு பெயரையும் யாரும் சொல்வதில்லை. நர்சம்மா என்றால் போதும், எந்த வீடு என்று குழந்தைகூட வழி காட்டும்.